சூடம் அணைத்த சத்தியம்

இந்தப் பையைக் கொஞ்சம் உங்கள் காலடிப் பக்கம் தள்ளிக்கொள்ளட்டுமா? இடைஞ்சல் என்றால் சொல்லிவிடுங்கள், மடியிலேயே வைத்துக்கொள்கிறேன். உள்ளே முறுக்கு இருக்கிறது, நொறுங்கிவிடக் கூடாது. என் மகளுக்குப் பிடிக்கும் என்று சுட்டுக் கொண்டுபோகிறேன். தாராபுரம் வர இன்னும் எவ்வளவு நேரம் ஆகும்? கண்டக்டரிடம் இரண்டு தடவை கேட்டுவிட்டேன். "எழுப்பி விடுறேன், தூங்கும்மா" என்கிறார். நான் எங்கே தூங்க. அங்கே இறங்கி டவுன் பஸ் மாறி, ஒரு நூல் மில்லுக்குப் போய், மகளைக் கூட்டிக்கொண்டு இன்றைக்கே திரும்ப வேண்டும். நாளைக்கு ஞாயிறு. திங்கட்கிழமை காலையில் அவள் காலேஜில் நிற்க வேண்டும். நிற்காவிட்டால் பேரை அடித்துவிடுவார்கள். அவ்வளவுதான், எல்லாம் போச்சு.

என் பேர் குருவம்மா. ராஜபாளையம் பக்கத்தில் சத்திரப்பட்டி. ஆஸ்பத்திரியில் காயத்துக்குச் சுற்றுகிறார்களே பேண்டேஜ் துணி, அது எங்கள் ஊரில் நெய்கிறதுதான். தறியிலிருந்து வருகிற துணியை உருளையாகச் சுற்றிக் கட்டுவது என் வேலை. வீட்டுக்காரர் தறி ஓட்டுகிறார். முப்பது வருஷச் சத்தத்தில் காது போய்விட்டது. காதுக்குள் வாயை வைத்துக் கத்தினால் கேட்கும். எனக்குக் கத்தப் பிடிக்காது. கையைக் காட்டிவிடுவேன்.

ஒரே மகள், தாரணி. கவர்ன்மெண்ட் ஸ்கூல், தமிழ் மீடியம். பன்னிரண்டாவதில் ஸ்கூலிலேயே இரண்டாவது மார்க். கவர்ன்மெண்ட் ஸ்கூல் பிள்ளைகளுக்கு என்று சீட்டு ஒதுக்குகிறார்களே, அதில் கம்ப்யூட்டர் என்ஜினியரிங் கிடைத்தது. எங்கள் தெருவில் அவ்வளவு தூரம் யாரும் படித்ததில்லை. நான் போய் யாரிடமும் சொல்லவில்லை. அவர்களாக வந்து கேட்டார்கள், சொன்னேன்.

முதல் நாள் காலேஜில் ஒவ்வொருத்தராக எழுந்து தன்னைப் பற்றி இங்கிலீஷில் சொல்ல வேண்டுமாம். இவள் எழுந்திருக்கிறாள். "மை நேம் இஸ் தாரணி" என்று சொல்லியிருக்கிறாள். அப்புறம் வரவில்லை. நின்றிருக்கிறாள். பின்னால் யாரோ சிரித்திருக்கிறார்கள். டீச்சரம்மா நல்லவர்தான், "நோ பிராப்ளம், உக்காரு" என்றாராம். இவளுக்கு உட்காரவும் தெரியவில்லை. பக்கத்துப் பெண் கையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தாளாம்.

சாயங்காலம் வந்து என்னிடம் சொன்னாள். அப்போதெல்லாம் சொல்வாள். "எல்லாரும் என் வாயையே பாக்குறாங்கம்மா" என்றாள். "பாத்தா பாத்துட்டுப் போறாங்க. பேசத்தானடி வாய்" என்றேன். "பாக்கும்போது உள்ள இருக்கிறது எல்லாம் அழிஞ்சு போகுதும்மா" என்றாள். இது என்ன பேச்சு? பரீட்சை எழுதினால் தொண்ணூறுக்குக் குறைவதில்லை. எழுதுகிறதும் இங்கிலீஷ்தானே? கைக்கு வருகிறது வாய்க்கு எப்படி வராமல் போகும்? நீங்களே சொல்லுங்கள்.

அப்புறம் ஒவ்வொன்றாக ஆரம்பித்தது. வகுப்பில் பேச வேண்டிய நாள் வந்தால் காலையில் சாப்பிட மாட்டாள். துப்பட்டா நுனியைக் கசக்கிக் கசக்கி அது ஈரமாகிப்போகும். அவ்வளவு வேர்க்கும் கையில். கேன்டீனில்கூட டீ வேண்டும் என்று கேட்க மாட்டாளாம். அங்கே எல்லாரும் இங்கிலீஷில் கேட்கிறார்களாம். கொண்டுபோன தண்ணீரைக் குடித்துவிட்டு வந்துவிடுவாள். நான் திட்டினேன். காசு கொடுத்துச் சாப்பிடுகிறோம், அதில் என்ன வெட்கம்?

நானா? நான் ஆறாவது வரைக்கும். இல்லை, இங்கிலீஷுக்குப் பயந்தெல்லாம் இல்லை. வீட்டில் வேலைக்கு ஆள் தேவைப்பட்டது, நின்றுவிட்டேன். அந்த வாரம் ஒரு நாள் வாத்தியார் எழுந்து வாசிக்கச் சொன்னார். வாசிக்காததால் பெஞ்சு மேல் ஏற்றி நிறுத்தினார். அது உண்மை. ஆனால் அதற்கும் நான் நின்றதற்கும் சம்பந்தமில்லை. அம்மா மறுநாள் போகச் சொல்லித்தான் பார்த்தாள். நான்தான் வீட்டு வேலை கிடக்கிறது என்று போகவில்லை.

இவளை அப்படி விட்டுவிட முடியுமா? ராஜபாளையத்தில் பிரபாகர் சார் என்று ஒருத்தர் மாடியில் ஸ்போக்கன் இங்கிலீஷ் எடுக்கிறார். சனிக்கிழமை சனிக்கிழமை கூட்டிப்போனேன். அவர் என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார். "வாரம் ரெண்டு மணி நேரம் இங்க பேசி என்னம்மா ஆகப்போகுது? வீட்டை லண்டன் ஆக்குங்க. வீட்ல ஒரு வார்த்தை தமிழ் பேச விடாதீங்க. நாக்கு தன்னால திரும்பும்."

"சார், எங்க வீட்ல இங்கிலீஷ் தெரிஞ்சவங்க யாரும் இல்லையே" என்றேன்.

"நீங்க பேச வேண்டாம். அவளைப் பேச வைங்க" என்றார்.

சரியென்று பட்டது. சும்மா சொன்னால் இரண்டு நாள் இருப்பாள், அப்புறம் பழையபடி ஆகிவிடும். அதனால் வெள்ளிக்கிழமை மாரியம்மன் படத்துக்கு முன்னால் உட்கார வைத்து, சூடத்தைக் கொளுத்தி, "இனிமே இந்த வீட்டுக்குள்ள தமிழ் பேச மாட்டேன்னு சத்தியம் பண்ணு" என்றேன். எங்கள் பக்கம் சூடம் அணைத்துச் செய்கிற சத்தியத்துக்கு மேலே எதுவும் கிடையாது. பங்காளிச் சண்டையில்கூட அதைச் செய்யச் சொல்லிவிட்டால் பொய் சொன்னவன் பின்வாங்கிவிடுவான். இவள் என் முகத்தைப் பார்த்தாள். "அம்மா, வேண்டாம்மா" என்றாள். "உன் நல்லதுக்குத்தான்" என்றேன். எரிகிற சூடத்தின் மேல் உள்ளங்கையை வைத்து அணைத்துவிட்டாள். கடைசியாக அவள் வீட்டுக்குள் பேசிய தமிழ் அந்த 'வேண்டாம்மா'தான் என்று நினைக்கிறேன். இல்லை, இன்னொரு தடவை இருக்கிறது. சொல்கிறேன்.

நான் கறாராக இருந்தேன். ஒரு நாள்கூட இளகவில்லை. மறந்துபோய்த் தமிழில் ஏதாவது ஆரம்பித்தால் காது கேட்காத மாதிரி இருந்துவிடுவேன். முதல் வாரம் "வாட்டர்", "ரைஸ்", "ஐ யம் கோயிங்" என்றெல்லாம் சொன்னாள். எனக்கு எவ்வளவு சந்தோஷம்! அதற்கு மேல் நீளமாக ஏதும் வரவில்லை. நானும் பதிலுக்கு என்ன சொல்வேன்? தலையை ஆட்டுவேன். அப்பாவுக்கும் கை, மகளுக்கும் தலை. வீடு அமைதியாக இருந்தது. படிக்கிற பிள்ளை இருக்கிற வீடு அப்படித்தானே இருக்க வேண்டும்?

வேலை பார்க்கிற இடத்துக்கு அவள் வந்தால் அங்கேயும் பேச வைத்தேன். நாலு பேர் முன்னால் பேசினால்தானே கூச்சம் போகும்? "இந்த அக்காமாரெல்லாம் என்ன செய்யிறாங்கன்னு இங்கிலீஷ்ல சொல்லு பாப்போம்" என்பேன். அவர்களும் கையை நிறுத்திவிட்டுப் பார்ப்பார்கள். "ஏ தாரணி, அப்படியே எங்க முதலாளியையும் இங்கிலீஷ்ல ரெண்டு வசவு வைய்யி, அவருக்குப் புரியாது" என்று ஒருத்தி சொல்வாள். எல்லாரும் சிரிப்பார்கள். நல்ல மனசோடு சிரிக்கிறதுதான். இவள் சுவரைப் பார்த்துக்கொண்டு நிற்பாள். வேலுத்தாய் என்று என்னைவிட மூத்தவள் ஒருத்தி, எதற்கெடுத்தாலும் வாய். "ஏ குருவம்மா, புள்ள மொகத்தப் பாருடி. நல்லாப் பேசிக்கிட்டிருந்தவள ஊமையாக்கிப்புடாத" என்றாள். அவளுடைய மகன் பத்தாவதிலேயே நின்றுவிட்டான். அவள் வேறு என்ன சொல்வாள்?

இப்போது அந்த ஒரு நாளைச் சொல்கிறேன். தை மாசம். காலேஜ் பஸ்ஸிலிருந்து இறங்கி வந்தவள் பையைக்கூட வைக்கவில்லை. நான் வீட்டில் துணி சுற்றிக்கொண்டிருந்தேன். எதிரில் வந்து உட்கார்ந்தாள். "அம்மா, ஒண்ணே ஒண்ணு சொல்லிக்கிறேம்மா" என்றாள். தமிழில்.

நான் உதட்டில் விரலை வைத்து, அம்மன் படத்தைக் காட்டினேன். "இங்கிலீஷ்ல சொல்லு" என்றேன்.

"ஐ" என்றாள்.

நான் காத்திருந்தேன். அவசரப்படுத்தவில்லை. பிரபாகர் சார் சொல்லியிருக்கிறார், அவசரப்படுத்தக் கூடாது என்று. கைபாட்டுக்குச் சுற்றிக்கொண்டிருந்தது. ஒரு உருளை முடிந்தது. "ஐ" என்றாள் மறுபடியும். அடுத்ததையும் சுற்றிக் கட்டினேன். வாய் திறந்திருக்கிறது, சத்தம் இல்லை. மூன்றாவது உருளையும் முடிந்தது. அப்புறம் அவளே எழுந்து போய் முகம் கழுவிக்கொண்டாள். எனக்கு மனசு நிறைந்துவிட்டது. எவ்வளவு முயற்சி செய்கிறாள் பாருங்கள்! இன்னும் கொஞ்ச நாளில் வந்துவிடும் என்று நினைத்துக்கொண்டேன்.

என்ன சொல்ல வந்தாள் என்று தெரியாது. அப்புறம் கேட்டிருக்கலாம். கேட்டால் சத்தியம் முறிந்துவிடுமே.

இந்த ஜன்னலைக் கொஞ்சம் இறக்கிவிடுங்களேன், காற்று முகத்தில் அடிக்கிறது. நன்றி.

மாசியில் காலேஜிலிருந்து போன் வந்தது. உங்கள் மகள் முப்பத்துநாலு நாளாக வரவில்லை, உடம்பு சரியில்லையா என்று கேட்டார்கள். எனக்கு ஒன்றும் புரியவில்லை. தினமும் காலையில் ஆறரைக்கு டிபன் பாக்ஸோடு போகிறாள், சாயங்காலம் வருகிறாள். பாக்ஸ் காலியாகத்தான் வருகிறது. எங்கே போனாள்? காலேஜ் பஸ்ஸை விட்டுவிட்டு டவுன் பஸ்ஸில் ஏறி, ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய், சீட்டு வாங்கிக் காத்திருப்பார்களே ஒரு ஹால், அங்கே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறாள். நாள் முழுக்க. முப்பத்துநாலு நாள். அங்கே யாரும் யாரையும் எதற்கு வந்தாய் என்று கேட்பதில்லை. எல்லாரும் சீக்காளிக்குத் துணைக்கு வந்தவள் என்று நினைத்துக்கொள்வார்கள்.

இது எப்படித் தெரிந்தது என்றால், வேலுத்தாய்க்குத் தெரிந்திருக்கிறது! சுகர் மாத்திரை வாங்கப் போன இடத்தில் பார்த்திருக்கிறாள். ஒரு தடவை இல்லை, மூன்று தடவை. என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. சண்டைக்குப் போனேன். "என் மகள் அங்க உக்காந்திருக்கான்னு தெரிஞ்சும் வாயை மூடிக்கிட்டு இருந்திருக்கியே, நீயெல்லாம் மனுசியா?"

"சொல்லாதீங்க பெரியம்மான்னு கையப் புடிச்சாடி" என்றாள். "எனக்குச் சீட்டு எழுதி, வரிசையில நின்னு, மாத்திரையெல்லாம் வாங்கிக் குடுத்தா. எம்புட்டு நேரம் பேசிக்கிட்டிருந்தோம் தெரியுமா? சினிமா, கதை, உன் புருசன் தலையாட்டுற மாதிரி ஆட்டிக் காமிச்சு ஒரே சிரிப்பு."

என் மகள் சிரித்தாளாம். அவளிடம்.

வீட்டுக்கு வந்து கேட்டேன். ஏன்டி போகவில்லை என்று. பதில் இல்லை. அழுதேன். சரி, சத்தியம்தான் வாயைக் கட்டுகிறது என்று, மஞ்சள் துணியில் ஒரு ரூபாயை முடிந்து, அம்மன் காலில் வைத்து, "தாயே, எம்மக சத்தியத்த எடுத்துட்டேன், பொறுத்துக்க" என்று கும்பிட்டேன். "இப்ப தமிழ்லயே சொல்லுடி. சாமி ஒண்ணும் செய்யாது" என்றேன். அப்பாவோடு போய் உட்கார்ந்துகொண்டாள். அவர் டிவியில் சத்தத்தைச் சுத்தமாகக் குறைத்துவிட்டுத்தான் பார்ப்பார். இரண்டு பேரும் அந்த வாயசைக்கிற ஆட்களையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

மறுநாளே இழுத்துக்கொண்டு காலேஜ் பிரின்சிபாலிடம் போனேன். கையெடுத்துக் கும்பிட்டேன். அவர் இரக்கமுள்ள மனுஷர். "வராத நாளை நான் பார்த்துக்கறேன். ஆனா ஒண்ணு. அடுத்த வாரம் வகுப்பு முன்னால நின்னு, ஏதாவது ஒரு தலைப்புல, அஞ்சு நிமிஷம் இங்கிலீஷ்ல பேசட்டும். பயம் போச்சுன்னு எனக்குத் தெரியணும். இல்லாட்டி மறுபடி இதேதான் நடக்கும்" என்றார்.

"பேசுவா சார். கட்டாயம் பேசுவா" என்றேன். இவள் பக்கத்தில்தான் நின்றாள். ஒன்றும் சொல்லவில்லை. சம்மதம் என்றுதானே எடுத்துக்கொள்வோம்?

அடுத்த நாள் காலையில் நான் வேலைக்குப் போய்விட்டு மத்தியானம் வந்தால் ஆள் இல்லை. வீட்டுக்காரர் சாவகாசமாக வாசலில் உட்கார்ந்து பீடி குடிக்கிறார். அவர் காதில் கத்தினேன். "பையோட போனா. கையக் காட்டுனா. நானும் கையக் காட்டுனேன்" என்றார். அவரை என்ன செய்வது? நீங்களே சொல்லுங்கள்.

மில்லில் ஆள் எடுக்கிற வேன் எங்கள் பக்கம் வரும். அதில் ஏறிப்போயிருக்கிறாள். பிரின்சிபால் கொடுத்த நாள் போயிற்று. மறுபடி போய் அழுதேன். இந்தத் திங்கட்கிழமை, இதுதான் கடைசி என்றார். எந்த மில் என்று வேலுத்தாயிடமிருந்து பிடுங்குவதற்குள் எனக்கு உயிர் போய்விட்டது. அவளுக்குத்தான் போன் போட்டிருக்கிறாள். பெற்றவளுக்கு இல்லை. "அவ அங்க நல்லாருக்கா. சாப்புடுறா. விட்டுருடி குருவம்மா" என்கிறாள். மில்லில் பஞ்சு தின்றுகொண்டு நன்றாக இருக்கிறாளாம்!

ஒன்று கேட்கட்டுமா? உங்களுக்கு இங்கிலீஷ் வாசிக்கத் தெரியுமா? தெரியுமா! நல்லதாய்ப் போயிற்று. போகும்போது ஒரு லெட்டர் எழுதி வைத்துவிட்டுப் போயிருக்கிறாள். தண்ணீர்ச் செம்புக்கு அடியில் இருந்தது. முழுக்க இங்கிலீஷ். ஊரில் யாரிடம் கொடுப்பேன்? பிரபாகர் சாரிடம் கொடுத்தால் ராஜபாளையம் முழுக்கத் தெரிந்துவிடும். பதினாறு நாளாக ஜாக்கெட்டுக்குள்ளேயே வைத்திருக்கிறேன். நீங்கள் யாரோ, நான் யாரோ. இந்தாருங்கள், மடிப்பில் கிழிந்துவிடும், பார்த்து.

முதலில் இங்கிலீஷிலேயே வாசியுங்கள். சத்தமாக. அவள் எழுதினது காதில் விழ வேண்டும் எனக்கு.

ம்.

ம், வாசியுங்கள். ஏன் நிறுத்திவிட்டீர்கள்? பஸ் குலுங்குகிறதா?

எவ்வளவு நீளமாக எழுதியிருக்கிறாள்! வாயிலிருந்து 'ஐ'க்கு மேல் வராதவள். சரி, இப்போது தமிழில் சொல்லுங்கள்.

'அன்றைக்கு நான் சொல்ல வந்தது, இனிமேல் என்னால் முடியாது என்பதைத்தான்.' அதுதானா? அவ்வளவுதானா? 'தமிழ் வார்த்தை நாக்கு நுனியில் இருந்தது. நீ படத்தைக் காட்டினாய்.' காட்டினேன், ஆமாம். 'இப்போது உன்னைப் பார்த்தால் தமிழும் வருவதில்லை.' என்னைப் பார்த்தாலா? சரியாகப் பாருங்கள், என்னை என்றா போட்டிருக்கிறது? ம். 'மில்லில் சத்தம் அதிகமாம். யாரும் யாரோடும் பேச வேண்டியதில்லையாம். எனக்கு அது போதும். தேடி வராதே. நீ வந்தால் அங்கிருந்தும் போய்விடுவேன். அப்புறம் எங்கே இருக்கிறேன் என்று பெரியம்மாவுக்கும் சொல்ல மாட்டேன்.'

உங்களிடம் கொஞ்சம் தண்ணீர் இருக்கிறதா?

போதும். நன்றி.

நான் ஒன்று கேட்கிறேன், மறைக்காமல் சொல்லுங்கள். இதில் தப்பு ஏதாவது இருக்கிறதா? எழுதினதில். இங்கிலீஷில். நன்றாகப் பார்த்துச் சொல்லுங்கள்.

ஒன்றுகூட இல்லையா?

ஒன்றுகூட இல்லை! பார்த்தீர்களா? என்னை எத்தனை பேர் என்னவெல்லாம் சொன்னார்கள்! பிள்ளையை ஊமையாக்கிவிட்டேனாம். இவ்வளவு வார்த்தை அவளுக்குள் எங்கிருந்து வந்தது? அந்தச் சத்தியத்தில்தானே வந்தது?

திரும்பிப் போவதா? என்ன இப்படிச் சொல்கிறீர்கள்? நீங்களும் வேலுத்தாய் மாதிரியே பேசுகிறீர்கள். போய்விடுவேன், போய்விடுவேன் என்று பிள்ளைகள் சொல்வதுதான். பெற்றவள் வாசலில் போய் நின்றால் எங்கே ஓடிவிடுவாள்? அந்த மில்லுக்கு ஒரே கேட்டுதானாம், விசாரித்துவிட்டேன்.

கண்டக்டர் கூப்பிடுகிறாரே, தாராபுரம் வந்துவிட்டதா? லெட்டரைக் கொடுங்கள், மடித்து வைத்துக்கொள்கிறேன். ரொம்ப உபகாரம். எனக்கு இப்போது ஒரு யோசனை வருகிறது. பிரின்சிபால் ஏதாவது ஒரு தலைப்பு என்றுதானே சொன்னார்? இவள் புதிதாக ஒன்றும் யோசித்துப் படிக்க வேண்டாம். இதையே கையில் கொடுத்து, வகுப்பில் எல்லார் முன்னாலும் நிற்க வைத்து வாசிக்கச் சொல்லிவிடலாம். இருங்கள் கண்டக்டர், இறங்குகிறேன், பை சிக்கிக்கொண்டது.

நீங்கள் வாசித்தபோது எவ்வளவு நேரம் ஆனது? அஞ்சு நிமிஷம் வருமா?